கிணற்றுக்குள் விழுந்த என் பெயர்

1

என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, இதையெல்லாமா ஒரு மனிதன் பத்திரிகைக்கு எழுதுவான் என்று முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளியுங்கள். எனக்கு அந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. இன்று காலை பினாங்குத் துறைமுகத்தில் கப்பலடியில் நின்று ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே பாரம் தூக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த காதர் பாய், கீழே நின்ற ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இடது" என்றார். கூப்பிட்டது என்னையில்லை. ஆனாலும் என் கால் தானாக இடது பக்கம் நகர்ந்துவிட்டது. கையிலிருந்த வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் காதர் பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன தண்டல், இன்னும் அந்தக் கெணத்துக்குள்ளயேதான் நிக்கிறீகளா?" என்றார். தண்டல் என்றால் இங்கே மூட்டை தூக்கும் கூட்டத்துக்குத் தலைவன். அந்த வேலைதான் எனக்கு. உண்மையில் பாதி நாள் நான் அங்கேதான் நிற்கிறேன்.

2

பேரையூருக்குப் பக்கத்தில் கரட்டுக் காட்டில் எங்கள் ஊர். மழையை நம்பினால் மண்ணைத் தின்ன வேண்டியதுதான் என்று நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினேன். சில வருஷம் கழித்துத்தான் மனைவியை அழைத்துக்கொண்டேன். அவள் பெயர் பேச்சியம்மாள், பிறந்தது திருவாதவூர். வயலும் கண்மாயும் பார்த்து வளர்ந்தவள்.

என் பெயர் அழகர்சாமி. கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் இந்தப் பெயர் வந்ததில்லை. ஊரில் எந்தப் பெண்தான் சொல்கிறாள்? ஆனால் என் வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போவாள். யாரையும் எதையும் 'அழகு' என்றே சொல்லமாட்டாள். குழந்தை அழகாயிருந்தால் 'லட்சணமா இருக்கு' என்பாள். மல்லிகைப் பூவும் லட்சணம், புதுப் பாத்திரமும் லட்சணம். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாருங்க". மகள் பிறந்த பிறகு "ராஜத்துக்கு அப்பா".

அவள் முதன்முதலில் பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பதிவு ஆபீசில் என்னைத் தனியாக நிறுத்திவிட்டு அவளைத் தனியாக விசாரித்தார்கள். அப்படித்தான் வழக்கமாம். குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்கட புருசன்ர பேர் என்ன?"

இவள் தரையைப் பார்த்தாள். "சித்திரையில ஆத்துல எறங்குவாருல்ல, அந்தச் சாமி பேரு" என்றாள்.

"எந்த ஆறு?"

"வைகையாத்துல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, எங்கட ஊரில ஆறே இல்லை. எந்தச் சாமி எதில இறங்கும் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"தங்கக் குருதையில ஏறி வருவாரு. பச்சப் பட்டு கட்டி வந்தா வெள்ளாமை நல்லா வெளையும்."

அவர் தனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கேட்டார். இவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தாள். பின்னால் நின்ற சீனக் கிழவர் வரை எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. கடைசியில் நான் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "ஐயா, அழகர்சாமின்னு எழுதுங்க" என்று கத்தினேன். உங்களை யார் கேட்டது என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. புருஷன் பெயர் தெரியாத பெண்ணை எப்படி நம்பி உள்ளே விடுவது என்று மேலதிகாரி வேறு கண்ணை உருட்டினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. வண்டியில் வரும்போது, "ஒரு தரம் சொன்னாத்தான் என்ன, வாயி வெந்துபோகுமா?" என்றேன்.

"வாயி வெந்தாப் பரவாயில்ல. சொன்னா உங்க ஆயுசுல கொறையும்" என்றாள். அதற்குமேல் அவளிடம் யார் பேசுவது.

3

இந்தத் துறைமுகத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்றுதான். அதை வைத்துத்தான் மூட்டை தூக்க வந்தவன் தண்டலானேன்.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் மதுரைப் பக்கத்து ஆட்கள். நம்மவர்களிடம் உள்ள நல்ல குணம், முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். மூத்தவன் என்றால் அண்ணே, சமவயதுக்காரன் என்றால் மாப்ள. முன்பின் தெரியாதவனையும் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சொந்தக்காரனாக்கிவிடுவோம். கப்பலடியில் இந்த நல்ல குணமே எமனாகிவிட்டது. நான் தண்டலாவதற்கு முன்னால் ஒருநாள், தகரக் கட்டிகளைக் கட்டித் தூக்கும்போது கயிறு நழுவியது. பார்த்தவன், "அண்ணே, தள்ளிக்கங்க" என்று கத்தினான். கீழே நின்ற அண்ணன்மார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் மற்றவனைத்தான் சொல்கிறான் என்று நினைத்தார்கள். தள்ளிக்கொள்ள வேண்டியவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய பாதம் நசுங்கிப்போனது. கத்தியவன் ஒரு வாரம் சோறு தின்னவில்லை. நான் கத்தினேனே, கத்தினேனே என்று புலம்பிக்கொண்டேயிருந்தான்.

கத்தினான், வாஸ்தவம். யாரிடம் கத்தினான்?

மதுரையில் பள்ளிவாசல் தெருப் பக்கம் பிறந்த காதர் பாய்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். "அண்ணேன்னா அம்புட்டுப் பேரும் திரும்புறாங்க. பாய்னா நானும் திரும்புறேன், அந்தப் பக்கத்து மெசின்காரரும் திரும்புறாரு. யா அல்லா, நான் யாருக்காக நிறுத்துறது?" அதற்குப் பிறகு நான் தலைமைக்கு வந்ததும் சட்டம் போட்டேன். பாரத்துக்குக் கீழே நின்றால் முறை கிடையாது. முதலில் பெயர். அப்புறம் எந்தப் பக்கம். அதற்குமேல் ஒரு சொல் கூடாது. பெயரைக் கேட்டவன் ஏன், எதற்கு என்று அண்ணாந்து பார்க்கக் கூடாது. முதலில் நகர வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லேசில் படியவில்லை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்வதா என்று சண்டைக்கு வந்தார்கள். என்னைவிட மூத்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு கூட்டத்துக்கே போய்விட்டார். அதனால் முதலில் என் பெயரையே கூப்பிடச் சொன்னேன். தண்டல் என்று கூப்பிடாதே, அழகர்சாமி என்று கூப்பிடு. தலைவனையே பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று ஆனதும் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டது. இன்றுவரை எங்கள் கூட்டத்தில் இன்னொரு கால் நசுங்கியதில்லை.

இந்தப் பெருமையை வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அளப்பேன். மகள் ராஜம் கொட்டாவி விடுவாள். அவள் படிப்பது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பள்ளித் தோழிகளோடு மலாய் பேசுவாள், எங்களோடு தமிழ் பேசச் சோம்பல்படுவாள். "இதுல என்னப்பா அதிசயம், பேரு இருக்கிறதே கூப்பிடத்தானே?" என்பாள். பேச்சியம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் காதில் இதெல்லாம் விழுகிறது என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

4

போன வருஷம் கோடையில் ஊருக்குப் போயிருந்தோம். என் அண்ணன் கருப்பையா தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கிணறுகளை நீங்கள் அறிவீர்கள். மேலே கொஞ்சம் மண், கீழே எல்லாம் பாறை. வெடி வைத்துத் தகர்த்து, உடைந்த கல்லைப் பெரிய கூடையில் அள்ளி வைத்தால், மேலே மாடுகள் வடத்தை இழுத்துக் கூடையைக் கிணற்றைவிட்டு ஏற்றும். அந்தக் கூடைக்கு நேர் கீழேதான் ஆட்கள் நின்று வேலை செய்ய வேண்டும். இடம் அவ்வளவுதான்.

பார்த்தவுடன் எனக்கு, இது நம் கப்பலடி அல்லவா என்று தோன்றியது. என் சட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

மேலே நின்று கூடையை வாங்குகிறவர் சங்கிலி. அண்ணிக்குத் தம்பி. வாயாடி. "ஏன் மாப்ள, கடல் தாண்டிப் போயி இதைத்தான் படிச்சிட்டு வந்திகளா? எங்க பெரிய மாமனை நான் பேரு சொல்லிக் கூப்பிட்டா, கூடை விழுகுறதுக்கு முந்தி எங்கம்மா என்னைக் கெணத்துக்குள்ள தள்ளிவிட்டுரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீக. ஆளு போனப்பறம் அழுதா வருமா?" என்றேன்.

"இந்தா, வந்த ரெண்டு நாள்ல நல்ல வார்த்தை சொல்லுதாரு பாரு" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை நடக்கும் இடத்தில் அபசகுனமாகப் பேசிவிட்டேனாம். பினாங்கில் இத்தனை பேரை நடத்துகிற எனக்கு, சொந்த அண்ணன் கிணற்றில் என் பேச்சு எடுபடவில்லை. ரோசம் வந்துவிட்டது. மறுநாள் நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். என்ன ஆகிவிடும் பார்க்கலாம் என்ற வீம்பு.

5

உச்சிப்பொழுது நெருங்கிய நேரம். பேச்சியம்மாளும் அண்ணியும் கேப்பைக் கூழும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்திருந்தார்கள். கூடை மேலே போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து சங்கிலியின் சத்தம் கேட்டது. "மாப்ள, ஒதுங்கு. மாப்ள, மாப்ள, ஒதுங்கு."

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் அது என்னையென்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாகக் கப்பலடியில் என்னை யாரும் மாப்ள என்று கூப்பிட்டதில்லை. அங்கே நான் தண்டல், இல்லையென்றால் அழகர்சாமி. கிணற்றுக்குள் நின்ற மற்றவர்கள் எல்லோருமே சங்கிலிக்கு மாப்ளதான். அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் விலகி என் பக்கமாகவே வந்து நின்றார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. அதுவரை நான் கேட்டிராத உரத்த குரல்.

"அழகர்சாமி. எடது."

அவ்வளவுதான். வேறொரு சொல் இல்லை. நான் யோசிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவில்லை. துறைமுகத்தில் பழகிய உடம்பு தானாக இடது பக்கம் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் பக்கத்தில் நின்றவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பாறைச் சுவரில் மோதினேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். கல் சிதறி முதுகில் அடித்தது. கூடையின் மேலே குவித்திருந்த பெரிய கல் ஒன்று சரிந்து, நான் நின்ற இடத்தில் விழுந்து கிடந்தது. என் கடப்பாரை அதனடியில் வளைந்து கிடந்தது.

என்னைக் கூப்பிட்டது யார்? மேலே பார்த்தேன். கிணற்று விளிம்பில் வரிசையாகத் தலைகள். ஒருவரும் கீழே விழுந்த கல்லைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கூழ்ப்பானை சாய்ந்து மண்ணில் வழிந்துகொண்டிருந்தது, அதை நிமிர்த்தக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை.

ஒரு மனிதன் செத்துப் பிழைத்திருக்கிறான், ஊர் மலைத்து நிற்பது அவன் பெயரை ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று. அதுதான் எனக்குப் பெரிய அடி. கல் பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

6

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். எங்கள் பெரியம்மா அங்கம்மாள் நடுவில் உட்கார்ந்து அழுதார். "நிறைஞ்ச வீட்டுல வெளக்கு வைக்கிற நேரத்துல சொல்ல வேண்டியிருக்கே. பேரைச் சொன்னதுமில்லாம எடது, வலதுன்னு ஏவிவிட்டிருக்கா. மாட்டை ஓட்டுற மாதிரி. புருசனுக்கு ஆயுசு எப்பிடிடா நிக்கும்? அழகர்கோயிலுக்குப் போயி முழு முடி எறக்கச் சொல்லு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பேச்சியம்மாளைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவள் தொழுவத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்வதற்கு முன்னாலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"முழுசா எறக்கிருறேன். உங்க ஆயுசை நானே தின்னுட்டேன். வாயில வந்துருச்சு."

அவள் பயந்தது ஊருக்கில்லை. எனக்காகத்தான். இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. என்னைக் காப்பாற்றிய பெருமை அவளிடம் துளிகூட இல்லை. இப்படியே விட்டால் இவள் மிச்ச வாழ்நாளெல்லாம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பதறுவாள் என்பது தெரிந்தது. எனக்குத் தலைவலி வந்தாலும் அந்தக் கிணற்றுச் சொல்தான் காரணம் என்று நினைப்பாள். அதை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும்.

பினாங்கில் செய்வதுபோல நீட்டி முழக்கிப் பேசலாம் என்று எழுந்தேன். முடியவில்லை. அதற்குள் அண்ணன் கருப்பையாவே வாயைத் திறந்தார்.

"ஏப்பா சங்கிலி, நீ யாரைக் கூப்பிட்ட?"

"மாப்ளயத்தான் மாமா கூப்பிட்டேன்."

"எந்த மாப்ளய?"

அந்த வாயாடி மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லுக்குக் கீழ நின்ன மாப்ளயத்தான்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். "தொண்டை கிழியக் கத்துனேன் மாமா."

எனக்கு அப்போது பேச்சு வந்தது. பெரியம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "பெரியம்மா, பேரைச் சொன்னதுல ஆயுசு கொஞ்சம் கொறஞ்சுபோச்சுன்னே வச்சுக்குவோம். சொல்லாம இருந்திருந்தா மிச்சம் எம்புட்டு இருந்திருக்கும்?"

பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், முதுகில் கல் பட்டுக் கன்றிப்போயிருந்த இடத்தைத் தடவினார். அந்தக் கல் விழுந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "பூமுடி குடுத்தாப் போதும்" என்றார். "மூணு வெரக்கடை. சாமி அதுக்குமேல கேக்க மாட்டாரு."

பேச்சியம்மாள் கொண்டையை மறுபடி முடிந்துகொண்டாள். அன்றைக்குச் சாப்பிட்டாள். அழகர்கோயிலுக்குப் போய் மூன்று விரற்கடை முடியும் கொடுத்தாள். சன்னதியில் நின்று வெகுநேரம் உதட்டை அசைத்தாள். அந்தச் சாமியின் பெயரைக்கூட அவள் சொல்ல முடியாது, எதைச் சொல்லி வேண்டினாளோ.

கிணற்று வேலை நிற்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் ஆட்களைக் கூட்டி, "கெணத்துக்குள்ள பேரு. மேல வந்தா முறை. இஷ்டமில்லாதவன் இப்பவே சொல்லிரு" என்றார். ஒருவரும் போகவில்லை. சங்கிலி விளிம்பில் நின்றுகொண்டு, தன் பெரிய மாமனை முதல் தடவை "கருப்பையா" என்று கூப்பிட்டார். வெயிலில் முகமெல்லாம் சிவந்துபோய், குரல் பாதிதான் வந்தது. "வலது" என்று முடித்துவிட்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்று சேர்த்துக்கொண்டார். கீழேயிருந்து அண்ணன், "மன்னிப்பெல்லாம் மேல வந்தப்பறம் கேளு" என்றார். நான் ஊரில் இருந்தவரை அப்படியேதான் நடந்தது.

7

திரும்பிப் பினாங்கில் இறங்கியபோது பழையபடி பதிவு ஆபீஸ். குமாஸ்தா புது ஆள். இந்தத் தடவை நான் தடுப்புக்கு வெளியே வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஊரே கேட்கக் கிணற்றடியில் நின்று கூவியவள், இங்கே என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்க ஆசை.

"புருஷன் பெயர்?"

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள். "சித்திரையில ஆத்துல எறங்குவாருல்ல" என்று ஆரம்பித்தாள்.

ராஜம் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அழகர்சாமின்னு எழுதுங்க சார்" என்றாள்.

வெளியே வந்து வண்டிக்காக நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்புட்டுச் சனத்துக்கு முன்னால கெணத்தடியில சொன்னவதான நீயி, இங்க ஒரு தரம் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே ஒரு தடவை பார்த்தாள்.

"இங்க கல்லு ஒண்ணும் விழுகலையே" என்றாள். "விழுந்தாச் சொல்லுவேன்."